நான்கு மைக்ரோவினாடியில் முடிந்த கோரிக்கை

பிசிஐஇ வழியாக இணையும் ஒரு சேமிப்புக் கார்டுக்கான லினக்ஸ் டிரைவரை (கார்டை இயக்கும் மென்பொருளை) சில ஆண்டுகளாகப் பராமரித்து வருகிறேன். கார்டைச் செய்தவர்கள் யார் என்பது இந்தக் கதைக்குத் தேவையில்லை; பிழையில் பெரும்பங்கு எங்கள் டிரைவரில்தான் இருந்தது. சேமிப்புச் சாதனங்களைச் சோதிக்கும் எஃப்ஐஓ கருவியை இரவு முழுவதும் ஓடவிட்டு, 4 கிலோபைட் அளவில் தாறுமாறான இடங்களிலிருந்து படித்து, படித்த ஒவ்வொரு துண்டையும் சரிபார்ப்பது எங்கள் வழக்கம். ஒரு நாள் காலையில் வந்து பார்த்தபோது இரண்டு வகையான செய்திகள் காத்திருந்தன. லினக்ஸின் மையமான கர்னலின் பதிவில் ஆறு கோரிக்கைகள் 30 வினாடி கடந்தும் முடியாமல் டைம்அவுட் ஆகியிருந்தன. எஃப்ஐஓவின் பதிவில் ஒரே ஒரு வரி: படித்த துண்டின் தலைப்பில் இருக்க வேண்டிய இட எண் இல்லை, வேறோர் இட எண் இருக்கிறது.

இவை இரண்டும் ஒரே பிழையின் இரு முகங்கள் என்று அன்று எனக்குத் தோன்றவில்லை. டைம்அவுட் என்றால் கார்டுக்குள் ஓடும் மென்பொருளான ஃபர்ம்வேர் மெதுவாக இருக்கிறது, தவறான தரவு என்றால் நினைவகத்தில் கோளாறு என்று தனித்தனியாகப் பிரித்து, நினைவகச் சோதனையிலேயே இரண்டு நாட்களைத் தொலைத்தேன்.

மேலே போகுமுன், சேமிப்புச் சாதனங்களுக்கான கோரிக்கைகளை நிர்வகிக்கும் லினக்ஸின் பிளாக் அடுக்கு டைம்அவுட்டை எப்படிக் கையாளுகிறது என்று சொல்லிவிடுகிறேன். பிழை ஒளிந்திருந்த இடம் அந்த ஏற்பாட்டுக்குள்தான். 2014 ஜனவரியில் வெளிவந்த 3.13 கர்னலில் பல வரிசைகள் கொண்ட புதிய பிளாக் அடுக்கு சேர்ந்தது. பழைய ஒற்றை வரிசை முறை 2019இல் வந்த 5.0 கர்னலில் முற்றிலும் நீக்கப்பட்டது. புதிய முறையில் கோரிக்கைகளுக்கான இடம் முன்கூட்டியே ஒதுக்கப்பட்டிருக்கும். ஒவ்வொன்றுக்கும் ஒரு டேக் எண் உண்டு. டிரைவர் அந்த எண்ணைக் கட்டளையோடு சேர்த்து வன்பொருளிடம் கொடுக்கும். வேலை முடிந்ததும் வன்பொருள் அதே எண்ணை முடிவுச் செய்தியில் திருப்பித் தரும். கோயில் வாசலில் செருப்பை விட்டுவிட்டு டோக்கன் வாங்குகிறோமே, ஏறக்குறைய அதே ஏற்பாடு. டோக்கனில் ஆள் பெயர் இருக்காது, எண் மட்டுமே இருக்கும். ஒருவர் திருப்பிக் கொடுத்த எண் அடுத்த நிமிடமே இன்னொருவர் கைக்குப் போகும்.

ஒவ்வொரு கோரிக்கைக்கும் தனித்தனி டைமர் ஓடுகிறது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். வினாடிக்குப் பல லட்சம் கோரிக்கைகள் போகும் இடத்தில் அது கட்டுப்படியாகாது. கோரிக்கையில் அதன் காலக்கெடு மட்டும் குறித்து வைக்கப்படுகிறது. வரிசை முழுமைக்கும் டைமர் ஒன்றே. புதிய கோரிக்கை வரும்போது காலக்கெடு எவ்வளவு தொலைவில் இருந்தாலும் அந்த டைமர் சுமார் 5 வினாடிக்குள் அடிக்கும்படி வைக்கப்படும். நேரமும் முழு வினாடியை ஒட்டி நகர்த்தப்படும். டைமர் அடித்ததும் கேபிளாக்டி என்ற வேலை வரிசை விழித்து, பயன்பாட்டில் உள்ள டேக்குகளை ஒவ்வொன்றாகப் பார்த்து, கெடு தாண்டியவற்றை டிரைவரின் டைம்அவுட் செயற்கூற்றிடம் ஒப்படைக்கும். அந்தச் செயற்கூறு சொல்லக்கூடிய பதில்கள் இரண்டே: நான் பார்த்துக்கொண்டேன், அல்லது இன்னும் கொஞ்சம் அவகாசம் கொடு.

கர்னலின் பங்கு அவ்வளவுதான். காலக்கெடு தாண்டிவிட்டது என்பதைத் தவிர அதற்கு வேறெதுவும் தெரியாது. கட்டளை வன்பொருளுக்குள் செத்துவிட்டதா, இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறதா, முடிந்தும் அதை அறிவிக்கும் இன்டரப்ட் மட்டும் தொலைந்துவிட்டதா என்பதையெல்லாம் கண்டுபிடிக்க வேண்டியது டிரைவர். டைம்அவுட் செயற்கூறே இல்லாத டிரைவர்களும் இருக்கின்றன. அங்கே கர்னல் ஒவ்வொரு முறையும் கெடுவை நீட்டித்துவிட்டுப் பேசாமல் இருந்துவிடும். மெய்நிகர் கணினிகளுக்கான விர்டியோ ஸ்கஸி டிரைவரோ செயற்கூறு இருந்தும் வேண்டுமென்றே அவகாசத்தை நீட்டிக்கொண்டே போகிறது. கீழே இருக்கும் ஹோஸ்ட் எப்படியும் பதில் சொல்லிவிடும் என்ற நம்பிக்கை அதற்கு.

30 வினாடி என்பது ஸ்கஸி என்ற கட்டளை முறையில் இயங்கும் வட்டுகளுக்கு இருக்கும் இயல்பு மதிப்பு. தற்காலிக நினைவில் உள்ளதை வட்டில் எழுதச் சொல்லும் ஃப்ளஷ் கட்டளைக்கு அதன் இரு மடங்கு. பிசிஐஇ ஃபிளாஷ் வட்டுகளுக்கான என்விஎம்இ டிரைவரிலும் தரவுக் கட்டளைகளுக்கு 30, நிர்வாகக் கட்டளைகளுக்கு 60. வீட்டுக் கணினிக்கென விற்கும் வன்வட்டுகளில் ரெய்டு (பல வட்டுகளை ஒன்றாகச் சேர்க்கும் ஏற்பாடு) அமைத்துக் கையைச் சுட்டுக்கொண்டவர்களுக்கு இந்த 30 நன்றாகவே நினைவிருக்கும். படிக்க முடியாத செக்டரை மீட்க அவ்வட்டுகள் நிமிடக்கணக்கில் முயன்றுகொண்டிருக்கும். கர்னலோ 30இல் பொறுமை இழந்து இணைப்பை ரீசெட் செய்யும். நல்ல வட்டு ரெய்டிலிருந்து வெளியே தள்ளப்படும். மீட்பு முயற்சியை 7 வினாடியில் கைவிடும்படி வட்டை அமைக்க வேண்டும், அந்த வசதி இல்லாவிட்டால் கர்னலின் வரம்பை 180 வினாடிக்கு உயர்த்த வேண்டும் என்பது ரெய்டு வட்டாரத்தில் எல்லோரும் சொல்லும் பரிகாரம்.

அந்தப் பரிகாரத்தைத்தான் நாங்களும் முதலில் கையில் எடுத்தோம். வரம்பை 180 ஆக்கியதும் டைம்அவுட் செய்திகள் நின்றன. தவறான தரவும் வரவில்லை. கார்டு தன் ஃபிளாஷ் நினைவகத்தைத் துப்புரவு செய்யும்போது எப்போதாவது ஒரு கட்டளையை 35, 40 வினாடி பிடித்து வைத்துக்கொள்கிறது, பிறகு முறையாக முடித்துவிடுகிறது என்பது தெரிந்தது. இப்படியே வெளியிட்டுவிடலாம் என்று குழுவில் ஒரு பேச்சு எழுந்தது. எனக்கு மனம் ஒப்பவில்லை. உண்மையிலேயே ஒரு கட்டளை தொலைந்துபோனால் மூன்று நிமிடம் யாருக்கும் தெரியாது. அதற்குள் 120 வினாடியில் கர்னலின் தொங்கல் கண்காணிப்பு விழித்து, ஒரு பணி நகராமல் நிற்கிறது என்று பதிவை நிரப்பிவிடும். அதைவிட முக்கியமான இன்னொன்றும் இருந்தது. டைம்அவுட் நின்றதும் தரவுப் பிழையும் நின்றது என்றால், இரண்டையும் இணைக்கும் கயிறு எங்கோ இருக்கிறது. வரம்பை உயர்த்துவதால் அந்தக் கயிறு கண்ணுக்கு மறையும், அவ்வளவே.

ஆகவே எதிர்த்திசையில் போனேன். கர்னலின் அமைப்புகளைக் கோப்புகளாகக் காட்டும் சிஸ்எஃப்எஸ்ஸில் ஒவ்வொரு பிளாக் சாதனத்தின் கியூ அடைவிலும் ஐஓ டைம்அவுட் என்றொரு கோப்பு உண்டு. மதிப்பை மில்லிவினாடியில் எழுத வேண்டும். அதில் 1000 என்று எழுதினேன். இரவு முழுவதும் ஓடினால் ஒரு முறை வந்த பிழை இப்போது இருபது நிமிடத்துக்குள் வந்துவிட்டது. டைம்அவுட் தொடர்பான எதைத் துரத்தினாலும் இப்போதெல்லாம் என் முதல் வேலை இதுதான்: வரம்பைக் குறைத்து, அபூர்வத்தை அன்றாடமாக்குவது.

சக பொறியாளர் ஒருவர் இதற்கிடையில் கர்னலுக்குள்ளேயே இருக்கும் பிழை புகுத்தும் வசதியைப் பயன்படுத்திப் பார்த்தார். டைம்அவுட்டைப் போலியாக உண்டாக்குவதற்கென்றே இருக்கும் அந்த வசதியை இயக்கினால், கேட்ட விகிதத்தில் கோரிக்கைகள் டைம்அவுட் ஆகும். ஒரு நாள் முழுவதும் ஓட்டினார். ஆயிரக்கணக்கான டைம்அவுட்டுகள், ஒரு தரவுப் பிழைகூட இல்லை. டைம்அவுட் பாதையில் பிழை இல்லை என்றுதான் அந்தச் சோதனையை அவர் வாசித்தார். அது ஏன் அப்படித் தேறியது என்பது எனக்கு மறுநாள்தான் உறைத்தது. அந்த வசதி, வன்பொருள் வேலையை முடித்து, முடிவுச் செய்தி டிரைவருக்கு வந்து சேர்ந்த பிறகு, அச்செய்தியை மென்பொருளில் விழுங்கிவிடுகிறது. அதாவது கோரிக்கை டைம்அவுட் ஆகும் தருணத்தில் வன்பொருளின் கையில் எதுவும் இல்லை. எங்கள் கார்டில் நிலைமை நேர் எதிர்: டைம்அவுட் ஆகும்போது கட்டளை கார்டுக்குள் உயிரோடு இருக்கிறது. மென்பொருள் உண்டாக்கும் தாமதம் ஒன்று, வன்பொருள் உண்டாக்கும் தாமதம் இன்னொன்று. சோதனை முதல் வகையை மட்டுமே பார்த்திருந்தது.

உண்மையான துப்பு நான் தேடாத இடத்தில் கிடைத்தது. தாமதங்களின் பரவலைக் காட்டும் வரைபடத்தில் எல்லோர் கண்ணும் வலது ஓரத்துக்குத்தான் போகும். மெதுவான கோரிக்கைகள் இருப்பது அங்கேதானே. அன்று தற்செயலாக இடது ஓரத்தைப் பார்த்தேன். இந்தக் கார்டில் ஒரு வாசிப்பு 70, 80 மைக்ரோவினாடிக்குக் குறைந்து முடிந்து நான் பார்த்ததில்லை. அங்கே 4 மைக்ரோவினாடியில் முடிந்த வாசிப்புகள் மூன்று இருந்தன. ஃபிளாஷ் செல்லைத் தொட்டுப் பார்க்கக்கூட அந்த நேரம் போதாது. கேட்ட மாத்திரத்தில் பதில் வருகிறது என்றால், அந்தப் பதில் இந்தக் கேள்விக்கானது அல்ல.

ஒவ்வொரு கோரிக்கையின் பயணத்தையும் குறித்துவைக்கும் பிளாக்டிரேஸ் பதிவில் அந்த மூன்றில் ஒன்றை எடுத்து, அதன் டேக் எண்ணை டிரைவரின் பதிவில் பார்த்து, அதைப் பிடித்துக்கொண்டு பின்னோக்கிப் போனேன். டேக் 37. முதலில் ஒரு கோரிக்கை கார்டுக்கு அனுப்பப்பட்டதைக் குறிக்கும் டி என்ற எழுத்து. ஒரு வினாடி கழித்து, மறுபடி வரிசையில் சேர்க்கப்பட்டதற்கான ஆர். உடனேயே அதே செக்டருக்கு இன்னொரு டி. சற்று நேரத்தில் முடிந்ததற்கான சி. அதன்பின் முற்றிலும் வேறு செக்டருக்கு, அதே டேக் 37இல் ஒரு டி. நான்கு மைக்ரோவினாடியில் அதற்கு ஒரு சி.

அந்த ஐந்தாறு எழுத்துகளுக்குள் முழுக் கதையும் இருந்தது. எங்கள் டைம்அவுட் செயற்கூறு, கெடு தாண்டிய கோரிக்கையைக் கார்டிடம் எதுவும் சொல்லாமல் மீண்டும் வரிசையில் சேர்த்துவிடும். மூன்று முறை வரை முயலட்டும் என்று யாரோ நல்லெண்ணத்தில் எழுதிய குறிநிரல். எங்கள் வரிசையில் கோரிக்கைகளின் முறையை மாற்றியமைக்கும் ஐஓ ஷெட்யூலர் இல்லாததால் மறுமுயற்சியிலும் டேக் மாறுவதில்லை. ஆக, கார்டுக்குள் இப்போது 37 என்ற ஒரே டோக்கனோடு இரண்டு கட்டளைகள் இருக்கின்றன. முதல் கட்டளை தாமதமாக முடிந்து 37 என்று சொல்கிறது. டிரைவர் அதை மறுமுயற்சியின் முடிவாக எடுத்துக்கொண்டு கோரிக்கையை மூடிவிடுகிறது. தரவு என்னவோ சரியானதுதான், ஆகையால் யாரும் எதையும் கவனிப்பதில்லை. 37 விடுபட்டு அடுத்த கோரிக்கைக்குப் போகிறது. அது புறப்பட்ட நான்காவது மைக்ரோவினாடியில் மறுமுயற்சிக் கட்டளையும் முடிந்து 37 என்கிறது. புதிய கோரிக்கை, தனக்கான தரவு ஒரு பைட்கூட வராத நிலையில், முடிந்ததாக மேலே போகிறது. தரவுக்காக எஃப்ஐஓ ஒதுக்கிய நினைவகத்தில், அதாவது பஃபரில், அதற்கு முன் படித்த துண்டு அப்படியே இருக்கிறது. தலைப்பில் வேறு இட எண் இருந்ததன் காரணம் அதுதான். கல்யாண மண்டபத்தில் ஒருவர் செருப்பை இன்னொருவர் மாட்டிக்கொண்டு போக, அவருடையதை மூன்றாமவர் மாட்டிக்கொண்டு போவதைப் போல, அந்த டேக் ஒரு கணம் ஓய்ந்து கிடக்கும் வரை இந்தத் தவறு ஒவ்வொரு கோரிக்கையாகக் கடந்துபோய்க்கொண்டே இருந்தது.

ஒரு சான்று மட்டும் போதாது என்று, சாதனங்கள் எந்த நினைவக முகவரியைத் தொடலாம் என்று கட்டுப்படுத்தும் ஐஓஎம்எம்யூவையும் கேட்டுப் பார்த்தேன். சோதனைக் கணினியில் வேகத்துக்காக அது முகவரிகளை அப்படியே கடத்திவிடும் முறையில் இருந்தது. அதை மாற்றி, கோரிக்கை முடிந்ததும் அதன் முகவரி அனுமதி அந்தக் கணமே ரத்தாகும் கண்டிப்பான முறையில் கணினியைத் துவக்கினேன். அரைமணி நேரத்தில் பதிவில் டிஎம்ஏ பிழைகள் விழத் தொடங்கின: அனுமதி இல்லாத முகவரியில் கார்டு எழுத முயன்றது. முடிந்ததாக நாங்கள் மூடிவிட்ட கோரிக்கைகளுக்கான தரவு அது, தாமதமாக வந்து கதவைத் தட்டியது. முந்தைய அமைப்பில் கதவே இல்லாததால் அந்தத் தரவு நேராக உள்ளே நுழைந்திருக்கும். அந்த நினைவகம் அதற்குள் யார் கையில் இருந்திருக்கும் என்று எண்ணிப் பார்த்த அன்றிரவு எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை.

குறிநிரலை முதலில் எழுதியவரைக் குறைசொல்ல மாட்டேன். அவர் எழுதியது 4.9 கர்னல் காலத்தில். அப்போது முடிவும் டைம்அவுட்டும் ஒரே நேரத்தில் ஒரு கோரிக்கையைப் பிடிக்கப் போட்டியிட்டால், யார் முந்தினார் என்று குறித்துவைக்கும் ஒரு பிட்டைக் கொண்டு பிளாக் அடுக்கே நடுவராக இருந்தது. 4.16இல் டெஜுன் ஹியோ அதை எடுத்துவிட்டு, ஒவ்வொரு பயன்பாட்டிலும் மாறும் தலைமுறை எண்ணை அடிப்படையாகக் கொண்ட முறையைக் கொண்டுவந்தார். 4.18இல் கீத் புஷ், கிறிஸ்டோஃப் ஹெல்விக் ஆகியோரின் மாற்றங்களால் அதுவும் போய், கோரிக்கையை எத்தனை பேர் பிடித்திருக்கிறார்கள் என்று எண்ணும் எளிய முறை வந்தது. எளிமைக்கு ஒரு விலை இருந்தது: ஒரே கோரிக்கையை இருவர் முடிக்காமல் பார்த்துக்கொள்வது பெருமளவு டிரைவர்களின் பொறுப்பாயிற்று. எங்கள் டிரைவர் புதிய கர்னலில் கம்பைல் ஆனது, ஓடியது. பொறுப்பு கைமாறியது மட்டும் யாருக்கும் தெரியவில்லை. ஆனால் பழைய நடுவர் இருந்திருந்தாலும் இந்தப் பிழையை நிறுத்தியிருக்க முடியாது. அவர் காத்தது போட்டி நடக்கும் ஒரு குறுகிய நொடியை. டேக் வேறொருவர் கைக்குப் போனபின் ஆவிபோல வரும் பழைய முடிவை அவராலும் அடையாளம் கண்டிருக்க முடியாது.

திருத்தத்துக்கு என்விஎம்இ டிரைவரையே பாடப்புத்தகமாக வைத்துக்கொண்டேன். அதன் டைம்அவுட் செயற்கூறு எடுத்த எடுப்பிலேயே எதையும் ரத்து செய்வதில்லை. முதலில் முடிவு வரிசையைத் தானே போய்ப் பார்க்கிறது. கட்டளை முடிந்து இன்டரப்ட் மட்டும் தவறியிருந்தால் அங்கேயே விஷயம் தீர்ந்துவிடும், அதைச் சொல்லும் ஒரு வரியும் பதிவில் விழும். இல்லையென்றால் அந்தக் கட்டளையைக் கைவிடும்படி வன்பொருளுக்கு அபார்ட் அனுப்பிவிட்டு, கர்னலிடம் இன்னும் அவகாசம் கேட்கிறது. அதே கோரிக்கை இரண்டாம் முறையும் கெடு தாண்டினால் வட்டின் கட்டுப்பாட்டுச் சில்லான கன்ட்ரோலரையே ரீசெட் செய்து, அது இனி நினைவகத்தைத் தொடாது என்று உறுதியான பிறகுதான் நிலுவையில் உள்ளவற்றை மூடுகிறது. வரிசைக்கிரமத்தைக் கவனித்தால், எல்லாம் ஒரே கேள்வியைச் சுற்றி வருவது தெரியும்: பஃபர் இப்போது யார் கையில்? கெடு முடிவதால் பஃபர் நம் கைக்குத் திரும்பிவிடுவதில்லை. வன்பொருள் திருப்பித் தர வேண்டும், அல்லது அதன் கையிலிருந்து நாம் பிடுங்க வேண்டும்.

இந்த வரிசையை எங்கள் டிரைவரில் எழுதியபோது நானே ஒரு புதிய பிழையைச் செய்தேன். ரீசெட்டுக்கு முன் வரிசையை உறையவைக்க (புதிய கோரிக்கைகளை ஏற்காமல் நிறுத்த) வேண்டும் என்று நினைத்து, டைம்அவுட் செயற்கூற்றுக்குள்ளேயே அதைச் செய்து, எல்லாம் ஓயும் வரை காத்திருக்கும்படி எழுதிவிட்டேன். கணினி உறைந்தது, வரிசை மட்டும் உறையவே இல்லை. கர்னலின் அவசர விசை வசதியான சிஸ்ஆர்க்யூ வழியாக நின்றுபோன பணிகளின் அடுக்கைக் கேட்டதும், கேபிளாக்டியின் வேலையாள் ஒருவர் டைம்அவுட் பணிக்குள்ளிருந்து உறைநிலைக்காகக் காத்திருப்பது தெரிந்தது. டைம்அவுட் பணி தொடங்கும்போதே வரிசையின் மீது ஒரு பிடியை எடுத்துக்கொள்கிறது; எல்லாப் பிடிகளும் விடுபட்டால்தான் வரிசை உறையும். தன் சட்டையைத் தானே பிடித்துக்கொண்டு விடு விடு என்று கத்திய கதை. ரீசெட்டைத் தனி வேலையாகப் பிரித்து, செயற்கூறு அதைத் தொடங்கிவைத்துவிட்டு உடனே திரும்பும்படி மாற்றினேன்.

கட்டளை எண்ணில் ஒரு தலைமுறை எண்ணையும் சேர்த்தோம். என்விஎம்இயில் 2021இல் செய்தது இதுவே: 16 பிட் அடையாள எண்ணில் 12 பிட் டேக்குக்கு, 4 பிட் தலைமுறைக்கு, ஒவ்வொரு முறை அனுப்பும்போதும் தலைமுறை ஒன்று கூடும், பழைய தலைமுறையோடு வரும் முடிவு நிராகரிக்கப்படும். அந்த அடையாள எண்ணையே உள்ளே பட்டியல் வரிசை எண்ணாகப் பயன்படுத்தும் சில ஆப்பிள் கன்ட்ரோலர்களுக்கு அதில் விதிவிலக்கு தர வேண்டியிருந்தது என்பதால், எங்கள் கார்டின் ஃபர்ம்வேர் அப்படி எதுவும் செய்யவில்லை என்று கார்டைச் செய்தவர்களிடம் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொண்டேன். இதை நான் திருத்தம் என்று சொல்ல மாட்டேன், சாட்சி என்றுதான் சொல்வேன். 4 பிட் என்றால் 16 முறைக்குப் பிறகு பழைய எண் திரும்பிவிடும். ஒரு கோரிக்கைக்கு 100 மைக்ரோவினாடி என்று வைத்தால், சுறுசுறுப்பான ஒரு டேக் 2 மில்லிவினாடிக்குள் அந்தச் சுற்றை முடித்துவிடும். பல வினாடி கழித்து வரும் ஆவி, பதினாறில் ஒரு முறை சரியான முகத்தோடு வரும். மீதிப் பதினைந்து முறை பதிவில் ஒரு வரி விழும் என்பதுதான் அதன் பயன்.

இயல்பு வரம்பை மீண்டும் 30 வினாடிக்கே வைத்துவிட்டோம். துப்புரவுப் பணியின் நடுவில் அபார்ட் வந்தால் ஃபர்ம்வேர் அதை மறுத்துவிடுகிறது என்பதால் சில நேரங்களில் ரீசெட் வரை போகிறது; அது கார்டைச் செய்தவர்களின் பட்டியலில் இருக்கிறது. எங்கள் இரவுச் சோதனையில் ஒரு விதி கூடியிருக்கிறது: 20 மைக்ரோவினாடிக்குள் ஒரு வாசிப்பு முடிந்தாலும் சோதனை தோற்றதாகக் கொள்ளப்படும். சென்ற வாரம் அது ஒரு முறை அலறியது. நெஞ்சு படபடக்கப் போய்ப் பார்த்தால், டிரிம் செய்யப்பட்ட, அதாவது இனித் தேவையில்லை என்று கார்டிடம் சொல்லப்பட்ட, பகுதியைப் படித்திருக்கிறார்கள். அங்கே கார்டு ஃபிளாஷைத் தொடாமலேயே 12 மைக்ரோவினாடியில் வெறும் பூஜ்யங்களைத் திருப்பித் தந்திருக்கிறது. விதியிலிருந்து அந்தப் பகுதியை விலக்கிவிட்டு, சோதனையை மறுபடி ஓடவிட்டிருக்கிறேன்.